நீலகிரி மழையில் இருபத்தெட்டு: மேட்டுப்பாளையம் முதல் பந்தலூர் வரை

திங்கள் – மேட்டுப்பாளையம், குன்னூர்

மலை ரயில் காலை 7.10-க்கு. நாலு பேர் போகிறோம். அதில் இரண்டு பேருக்கு ரம்மியும் கழுதையும் தவிர வேறு சீட்டாட்டம் தெரியாது. கடைசியில் போய்ச் சேரப்போவது கூடலூரில் ஓர் உறவுக்காரர் வீடு. ஜூன் மாதத்தில் அந்தப் பக்கம் மழை பிடித்தால் திண்ணையைத் தாண்ட முடியாது, அந்த வீட்டில் மழை என்றால் இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம். ஆகவே போகிற வழியிலேயே பாடம்.

முதலில் கட்டைப் பிரிக்க வேண்டும். 52 சீட்டில் 2, 3, 4, 5, 6 எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் 20 சீட்டு குறையும், மிச்சம் 32. ஜோக்கருக்கு வேலையே இல்லை. எடுத்த ஆறுகளை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், புள்ளி காட்ட உதவும். ஆளுக்கு எட்டுச் சீட்டு போட்டுப் பாருங்கள். கையில் ஒன்று மிஞ்சினால் ஏதோ ஒரு ஆறு உள்ளே தங்கியிருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் தொடங்கி, நடு ஆட்டத்தில் சண்டை போட்ட மேசைகள் ஏராளம்.

அடுத்தது சீட்டின் வரிசை. ரம்மி ஆடிப் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். பெரியதிலிருந்து சிறியதாக: ஜாக்கி, ஒன்பது, ஏஸ், பத்து, ராஜா, ராணி, எட்டு, ஏழு. இஸ்பேட், ஆட்டின் (ஹார்ட்), டைமன், கிளாவர் என்ற நாலு இனத்துக்கும் இதே வரிசை. புள்ளி: ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கு 1, பத்துக்கு 1, மற்ற நாலுக்கும் சுழி. ஓர் இனத்துக்கு 7 புள்ளி, நாலு இனத்துக்கு 28. ஆட்டத்தின் பெயர் அங்கிருந்துதான் வருகிறது.

ஜாக்கியும் ஒன்பதும் தலையில் உட்காரும் இந்த வரிசை நம் ஊரில் முளைத்ததாகத் தெரியவில்லை. டச்சுக்காரர்களின் கிளாவர்யாஸ், சுவிட்சர்லாந்தின் யாஸ் இரண்டிலும் துருப்பு இனத்தில், அதாவது மற்ற இனங்களை வெட்டும் இனத்தில், இதே ஜாக்கியும் ஒன்பதும்தான் முதலிரண்டு இடம். கடல் வழியே வந்த ஆட்டம் என்று பலர் நினைப்பதற்கு அதுதான் காரணம். நம்மவர்கள் அதை நாலு இனத்துக்கும் பொதுவாக்கிவிட்டார்கள்.

கல்லாறு தாண்டியதும் பற்சக்கரப் பாதை. பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறுகிற சரிவு, பின்னாலிருந்து நீராவி எஞ்சின் தள்ளுகிறது. எதிரெதிர் பலகையில் நாலு பேர் முழங்கால் இடிக்க உட்காரலாம் என்றாலும், பெட்டியைக் குறுக்கே வைத்துச் சீட்டை இறக்கினால் அதிர்வில் வழுக்கி ஓடிவிடும். அதனால் குன்னூர் வரை ஆட்டம் இல்லை, பயிற்சி மட்டும். ஒருவர் இரண்டு சீட்டைக் காட்ட வேண்டும், மற்றவர் எது பெரியது என்று யோசிக்காமல் சொல்ல வேண்டும். ‘ராஜாவா பத்தா’, ‘ஏஸா ஒன்பதா’ என்ற இரண்டு ஜோடிகளில்தான் எல்லாரும் விழுவார்கள். ராஜாவைப் பார்த்ததும் கை தானாக அதைப் பெரிய சீட்டு என்று எடுக்கும். இந்த ஆட்டத்தில் அவர் ராணியையும் எட்டையும் ஏழையும் மட்டுமே ஜெயிக்கக்கூடிய வெற்று ஆள். ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்றபோது இருவருக்கும் வரிசை படிந்துவிட்டது.

செவ்வாய் – குன்னூர்

சிம்ஸ் பூங்கா பார்த்தாயிற்று. மாலையில் அறையில் முதல்முறையாகச் சீட்டு போட்டோம்.

உட்காரும் முறை: எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். எல்லாமே வலப்பக்கமாகச் சுற்றும், கடிகாரத்துக்கு எதிராக. சீட்டு போடுகிறவர் கலைத்து, இடப்பக்கத்தவரிடம் வெட்டக் கொடுத்து, வலப்பக்கத்தவரில் தொடங்கி ஆளுக்கு நாலு சீட்டு மட்டும் போடுவார். மீதியைக் கீழே வைத்துவிட வேண்டும். இந்த நாலை மட்டும் பார்த்துத்தான் கேள்வி.

கேள்வி என்றால், ‘எங்கள் ஜோடி இத்தனை புள்ளி எடுக்கும்’ என்று சொல்வது. முதல் ஆள் குறைந்தது 14 கேட்க வேண்டும். அடுத்தவர் அதைவிட அதிகம் கேட்கலாம், அல்லது ‘பாஸ்’ சொல்லலாம். வரிசையாக மூன்று பேர் பாஸ் சொன்னால் கடைசியாகக் கேட்டவருக்கு ஆட்டம். அவர் தன் நாலு சீட்டில் ஒன்றைத் துருப்பு இனமாகக் கவிழ்த்து முன்னால் வைப்பார். அது எந்த இனம் என்று கூட்டாளிக்கும் தெரியாது. அதன் பிறகுதான் மீதி நாலு நாலு சீட்டு.

எட்டில் நாலைப் பார்த்துவிட்டு எப்படிக் கேட்பது? ஒரே இனத்தில் ஜாக்கி, ஒன்பது, கூட இன்னொரு சீட்டு இருந்தால் 16, தைரியம் இருந்தால் 17. ஜாக்கியும் அதே இனத்தில் இரண்டு சில்லறையும் என்றால் 14 அல்லது 15. வெளியே இன்னொரு ஜாக்கி இருந்தால் ஒன்று கூட்டிக்கொள்ளலாம். ஒன்பது, ஏஸ், பத்து மூன்றும் ஒரே இனத்தில் வந்து ஜாக்கி இல்லாமல் போனால் அது ஏமாற்றுக் கை. வெளியே இருக்கும் ஜாக்கி உங்கள் சீட்டில் ஒன்றை நிச்சயம் தின்னும், அதற்குள் துருப்பின் பிடி கைமாறும். வேறு வழியில்லாமல் 14 கேட்கலாம், அதற்கு மேல் போக வேண்டாம்.

நாலு சீட்டும் ஜாக்கியாக வந்தால் புதியவர்கள் 20-க்குத் தாவுவார்கள். கையில் 12 புள்ளி இருப்பது உண்மை. ஆனால் எந்த இனத்தைத் துருப்பாக வைத்தாலும் உங்களிடம் அதில் ஒரே ஒரு சீட்டு, அதுவும் கவிழ்ந்து கிடக்கிறது. அடுத்த நாலு சீட்டு எப்படி வருகிறது என்பதை நம்பித்தான் அந்த ஆட்டம். 18-ல் நிற்பது நல்லது.

கூட்டாளி கேட்டதன் மேல் நீங்களே ஏற்றிக் கேட்கலாமா என்பது வீட்டுக்கு வீடு மாறும். கூட்டாளியைத் தாண்ட வேண்டுமானால் 20 கேட்டாக வேண்டும் என்ற கட்டுப்பாடு எங்களுக்குப் பிடிக்கும். இல்லாவிட்டால் கூட்டாளிகள் இருவரும் மாறி மாறி ஏற்றி, கையில் இருப்பதைச் சாடையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

எந்தச் சீட்டைக் கவிழ்ப்பது? துருப்பு இனத்தில் உங்களிடம் இருப்பதில் மிகச் சிறியதை. கவிழ்த்த சீட்டு துருப்பு திறக்கிற வரை கையில் இல்லாத கணக்கு. ஜாக்கியைக் கவிழ்த்துவிட்டு, எதிராளி அதே இனத்தை இறக்கினால், அந்த மூன்று புள்ளிச் சீட்டு பயனில்லாமல் கீழே கிடக்கும். எதிராளி ஒன்பதாலேயே ஜெயித்துப் போவார்.

புதன் – ஊட்டி

ஊட்டி கிளப் சுவரில் 1882-ல் ஸ்னூக்கரின் விதிகளை எழுதி ஒட்டினார்கள். நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி 1875-ல் ஜபல்பூரில் தொடங்கிய ஆட்டம், இந்த ஊரில்தான் சட்டமானது. உறுப்பினர் அல்லாதவர்கள் வெளியிலிருந்து கட்டடத்தைப் பார்த்துவிட்டு நடக்க வேண்டியதுதான். இருபத்தெட்டுக்கு அப்படிச் சுவரில் ஒட்டிய விதி கிடையாது. ஆகவே புது வீட்டில் உட்காரும் முன் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள்: கூட்டாளியின் மேல் ஏற்றலாமா, எட்டுச் சீட்டும் வந்தபின் மறுபடி கேள்வி உண்டா, துருப்பு கடைசி வரை திறக்காவிட்டால் என்ன?

இன்று மூடிய துருப்பு. இருபத்தெட்டின் சுவை முழுவதும் இதில்தான். வரிசையும் புள்ளியும் அரை மணி நேரத்தில் வந்துவிடும். எப்போது திறக்கக் கேட்பது என்பதற்குத்தான் ஆட்டம் ஆட்டமாக உட்கார வேண்டியிருக்கிறது.

விதி முதலில். சீட்டு போட்டவரின் வலப்பக்கத்து ஆள் முதல் சீட்டை இறக்குவார். நாலு பேரும் ஆளுக்கொரு சீட்டு போட்டு முடிந்தால் அது ஒரு பிடி, பெரிய சீட்டு போட்டவருக்குப் போகும். அந்த இனம் கையில் இருந்தால் அதையே போட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வழி: எதையாவது கழிக்கலாம், அல்லது ‘துருப்பைத் திற’ என்று கேட்கலாம். கேட்டால் கேள்வி எடுத்தவர் கவிழ்த்த சீட்டை எல்லாருக்கும் காட்டிவிட்டுக் கையில் எடுத்துக்கொள்வார். திறக்கச் சொன்னவரிடம் துருப்பு இருந்தால் அந்தப் பிடியில் அதைப் போட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் எதையாவது போடலாம், துருப்பை வீணாகத் திறந்த பழி அவருக்கு. திறக்காத வரை துருப்பு இனத்துக்கு எந்த விசேஷ பலமும் இல்லை, மற்ற மூன்றைப் போலத்தான். கேள்வி எடுத்தவர், கையில் வேறு இனம் இருக்கும் வரை, திறக்கும் முன் துருப்பைத் தானாக முதலில் இறக்கக் கூடாது. அவருக்கு இறக்கிய இனம் இல்லாமல் போனால் அவரே திறந்து வெட்டலாம்.

ஓர் உதாரணம். சீட்டு போட்டவர்தான் கேள்வி எடுத்திருக்கிறார், 16-க்கு. ஆட்டின்தான் துருப்பு இனம். ஆட்டின் ஏழைக் கவிழ்த்திருக்கிறார். கையில் ஆட்டின் ஜாக்கி, ஒன்பது, பத்து. இஸ்பேட் ஏஸ், ராணி. டைமன் ஜாக்கி, எட்டு. கிளாவர் ஒன்றுகூட இல்லை. வலப்பக்கத்து எதிராளி கிளாவர் ஜாக்கியை இறக்குகிறார். கூட்டாளி கிளாவர் எட்டைப் போடுகிறார். மூன்றாமவர், தன் ஜோடிக்குத்தான் போகிறது என்ற நம்பிக்கையில், கிளாவர் ஏஸைப் போட்டுப் புள்ளி சேர்க்கிறார். மேசையில் 4 புள்ளி. கடைசிச் சீட்டு நம்மவருடையது.

திறக்க வேண்டிய இடம் இது. எதனால் வெட்டுவது? புதியவர்கள் ஏழால் வெட்டி, பெரியதைச் சேமித்ததாக நினைப்பார்கள். கடைசி ஆளுக்கு மேல் வெட்ட யாரும் இல்லை, ஆகவே புள்ளிச் சீட்டைப் பத்திரமாக இறக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஜாக்கியும் ஒன்பதும் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும். பத்துதான் வெளியே இருக்கும் ஆட்டின் ஏஸிடம் மாட்டக்கூடிய சீட்டு. பத்தால் வெட்டினால் ஒரே பிடியில் 5 புள்ளி. அடுத்து ஆட்டின் ஜாக்கி, பிறகு ஒன்பது. வெளியே இருக்கும் ஆட்டின் நாலே நாலுதான், ஏஸ், ராஜா, ராணி, எட்டு. இரண்டு இழுப்பில் அவை பெரும்பாலும் வந்துவிடும். அதன் பிறகு டைமன் ஜாக்கியைப் பயமில்லாமல் இறக்கலாம். 5, 3, 2, 3 என்று சொந்தச் சீட்டிலேயே 13 ஆயிற்று. விழுகிற ஏஸும் கூட்டாளி சேர்க்கும் புள்ளியும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

இதையே எதிராளியின் பக்கமிருந்து பாருங்கள். இறக்கிய இனம் உங்களிடம் இல்லை, மேசையில் ராஜாவும் ஏழும் கிடக்கின்றன, புள்ளி சுழி. திறக்கக் கேட்காதீர்கள். சுழிக்காகத் திறந்தால், அதுவரை துருப்பை இறக்க முடியாமல் கட்டுண்டு இருந்த கேள்விக்காரரின் கட்டை அவிழ்த்துவிட்டீர்கள், அவ்வளவுதான். எதையாவது கழியுங்கள். மேசையில் 3 புள்ளியாவது சேர்ந்து, அது எதிர் ஜோடிக்குப் போகும்போலத் தெரிந்தால் அப்போது கேளுங்கள். உங்களுக்குப் பின்னால் கேள்விக்காரர் போட வேண்டியிருந்து, அவருக்கும் அந்த இனம் இல்லாமல் போனால், உங்கள் சின்னத் துருப்பின் மேல் அவர் பெரியதைப் போடுவார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

துருப்பு எது என்று ஊகிக்க ஒரு வழி உண்டு. கேள்வி எடுத்தவர் முதல் சீட்டு இறக்கும் முறை வரும்போதெல்லாம் எந்த இனத்தைத் தொடாமல் போகிறார் என்று கவனியுங்கள். தொட அவருக்கு உரிமை இல்லை என்பதால் அது தானாகக் காட்டிக்கொடுக்கும்.

வியாழன் – நடுவட்டம் வழியாகக் கூடலூர்

ஊட்டியிலிருந்து கூடலூருக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். பைக்காரா வரை வெறும் மூடுபனி, நடுவட்டத்தில் இறக்கம் தொடங்கியதும் மழை. தென்மேற்குப் பருவக்காற்று நேராக முட்டுகிற சரிவு இது. கிழக்குப் பக்கத்துக் குன்னூரில் அத்தனை ஈரம் இல்லை.

சீட்டுக்கு இந்த ஈரம் எமன். அட்டைச் சீட்டு உப்பி, ஒன்றோடொன்று ஒட்டும். கலைத்தால் கலையாது, இரண்டு சீட்டு ஒன்றாகப் போய் ஒருவருக்கு ஒன்பது வரும். இங்கே பிளாஸ்டிக் சீட்டுதான் சரி. அது மொழுக்கென்ற மேசையில் வழுக்கும் என்பதால் கீழே கம்பளி விரிக்க வேண்டும். அட்டைச் சீட்டுதான் இருக்கிறது என்றால், மூடி இறுகிய டப்பாவில் ஒரு கைப்பிடி உலர்ந்த அரிசியோடு வையுங்கள். முகப்பவுடர் தூவுகிற பழக்கம் வேண்டாம். ஒரு நாளைக்கு வழுவழுப்பாக இருக்கும், மறுநாள் அதே பவுடர் ஈரத்தில் பசையாகிவிடும்.

வெள்ளி – கூடலூர், விடாத மழை

1877-ல் நீலகிரியோடு சேர்க்கப்படும் வரை இந்தப் பகுதி மலபாரின் வயநாட்டில் இருந்தது. இருபத்தெட்டு கேரளத்தில் வீட்டுக்கு வீடு ஆடுகிற ஆட்டம் என்பதால், இங்கே தமிழ் வீடுகளிலும் அது சகஜமாக நுழைந்திருக்கிறது. ஜாக்கியைப் பக்கத்து வீட்டார் ‘குலான்’ என்கிறார்கள். பெயர் வேறானாலும் ஆட்டம் ஒன்றே.

காசு கிடையாது. ஆளுக்கு அல்ல, ஜோடிக்கு ஆறு புளியங்கொட்டை. கேட்டது 14 முதல் 19-க்குள் இருந்து, எடுத்துக் காட்டினால் எதிர் ஜோடியிடமிருந்து 1 கொட்டை. தவறினால் 2 கொடுக்க வேண்டும். 20-ம் அதற்கு மேலும் கேட்டு எடுத்தால் 2, தவறினால் 3. தோற்பதற்கு எப்போதும் ஒன்று கூடுதல் என்பதால் வீம்புக்குக் கேட்பது குறையும். கொட்டை இல்லாத வீட்டில் எடுத்துவைத்த ஆறு உதவும். ஒரு ஆறை மேல்நோக்கி வைத்து இன்னொரு சீட்டால் மூடி, மிச்சமிருக்கும் எண்ணிக்கைக்குப் புள்ளிகள் தெரிய நகர்த்திக்கொண்டே போகலாம். ஆறும் போன ஜோடிக்குக் காதில் குணுக்கு. கேரளத்து வழக்கம்தான், பழுத்த பலா இலையோ மடித்த காகிதமோ காதில் தொங்கும். அடுத்த ஆட்டத்தில் ஜெயித்தால்தான் கழற்றலாம். வீட்டுப் பெரியவர் காதில் காகிதம் தொங்க, முறைத்துக்கொண்டே சீட்டைப் பார்ப்பதை விருந்தாளிகள் சிரிக்காமல் பார்க்கப் பழக வேண்டும்.

இந்த மேசையில் வேகம் அதிகம். வேகத்தில் வருகிற கோளாறுகள் மூன்று.

கையில் இனம் இருந்தும் வேறு சீட்டைப் போடுவதுதான் பெரிய குற்றம். சீட்டை இனவாரியாக அடுக்காமல் பிடிப்பதால் வருவது. கறுப்பு, சிவப்பு, கறுப்பு, சிவப்பு என்று மாற்றி அடுக்குங்கள். ஆட்டினும் டைமனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மங்கிய வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும். மின்சாரம் போய் மெழுகுவத்தியில் ஆடுகிற ஊரில் இது சின்ன விஷயமில்லை. இங்கே தண்டனை, அந்த ஆட்டமே எதிர் ஜோடிக்கு.

அடுத்தது மூன்றாவது இழுப்பு. ஓர் இனத்தில் எட்டே சீட்டு, ஆட்கள் நாலு. எல்லாரும் போட்டால் இரண்டு பிடியில் அந்த இனமே தீர்ந்துவிடும். ஆகவே ஜாக்கியை முதல் இழுப்பில் இறக்குங்கள், பெரும்பாலும் தப்பும். ஒன்பதை இரண்டாவது இழுப்பில் இறக்குவது துணிச்சல். ஏஸை மூன்றாவது இழுப்புக்கு வைத்திருப்பது அதை எதிராளிக்கு எழுதிக் கொடுப்பது.

மூன்றாவது ஞாபகம். 32 சீட்டையும் நினைவில் வைக்க யாராலும் முடியாது, தேவையும் இல்லை. நாலு ஜாக்கி, நாலு ஒன்பது, திறந்தபின் எத்தனை துருப்பு போயிற்று, இவ்வளவு போதும். ஜெயித்த பிடிகளைக் கவிழ்த்துத் தனித்தனியாக, ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக வையுங்கள். கடைசியில் புள்ளி எண்ணும்போது இரண்டு ஜோடியும் சேர்ந்து 28 வர வேண்டும். வராவிட்டால் ஒரு பத்து எங்கோ ராஜாவுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது.

பேசக் கூடாது என்பது விதி, கடைப்பிடிப்பவர் குறைவு. வாசலோரம் பாக்கு இடித்துக்கொண்டிருந்த பாட்டி, ஆட்டத்தில் இல்லாமலேயே, “திறக்கச் சொல்லு கண்ணு, மூணு புள்ளி கிடக்குல்ல” என்றார். நம் புது ஆட்டக்காரர், “பாட்டி, நீங்க யார் கட்சி?” என்று கேட்க, “நான் மேசை கட்சி” என்று பதில். சொன்னது சரியான யோசனைதான்.

கடைசிப் பிடி வரை யாரும் திறக்கக் கேட்காத ஆட்டமும் ஒன்று வந்தது. இந்த வீட்டு வழக்கப்படி எட்டாவது பிடிக்குக் கவிழ்ந்த சீட்டைத் திறந்து போட வேண்டும், புள்ளி வழக்கம்போல. திறக்காமல் போன ஆட்டம் செல்லாது என்பாரும் உண்டு. ஊட்டியில் சொன்ன மூன்றாவது கேள்வி இதற்காகத்தான்.

சனி – பந்தலூர்

தேவாலா வழியாகப் பந்தலூர். வழி நெடுகத் தேயிலை. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய இருக்கிற பகுதி. இன்றைக்கு உட்கார்ந்த வீடும் அப்படிப்பட்ட ஒன்று. இங்கே ஆடுவது 304. இலங்கையில் பரவலாக ஆடப்படுவது.

இருபத்தெட்டு தெரிந்தவருக்கு இதில் புதிதாகக் கற்க வேண்டியது கணக்கு மட்டும். அதே 32 சீட்டு, அதே வரிசை, அதே மூடிய துருப்பு. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டும் ஏழும் சுழி. இனத்துக்கு 76, மொத்தம் 304. ஒவ்வொரு சீட்டின் புள்ளியையும் பத்தால் வகுத்து மீதியை விட்டுவிடுங்கள்: 3, 2, 1, 1, சுழி, சுழி. அப்படியே இருபத்தெட்டு. 304-ஐச் சுருக்கித்தான் அது வந்திருக்க வேண்டும் என்று சொல்பவர்களின் பேச்சில் நியாயம் இருக்கிறது.

இந்த மேசையில் கேள்வி 160-இல் தொடங்கிப் பத்துப் பத்தாக ஏறுகிறது. ராஜாவுக்கும் ராணிக்கும் புள்ளி வந்துவிட்டதால் கழிக்கிற சீட்டு மாறுகிறது. இருபத்தெட்டில் ராஜாவைத் தயங்காமல் எதிராளியின் பிடியில் தள்ளலாம். இங்கே தள்ளினால் 3 போகும், 160 கேட்டு 158-ல் நிற்கிற ஆட்டங்கள் அந்த மூன்றில்தான் தோற்கின்றன. கடைசிக் கூட்டலுக்குத் தாளும் பென்சிலும் வேண்டும், மனக்கணக்கு நம்ப முடியாது. ஏஸின் 11-ம் ராஜா, ராணியின் 3, 2-ம் நடுவில் கலந்து வருவதால் கணக்கு பிசகும். முதலில் ஜாக்கியையும் ஒன்பதையும் தனியே எடுத்துப் பத்துகளாகக் கூட்டிவிட்டு, பிறகு மற்றவற்றைச் சேர்த்தால் தவறு வராது.

ஆறு பேர் இருந்தால் இரண்டு பேரை வெளியே உட்கார வைக்க வேண்டாம், ஐம்பத்தாறு ஆடலாம். இரண்டு கட்டிலிருந்தும் ஏழையும் எட்டையும்கூட எடுத்துவிட்டால் கட்டுக்கு 24, மொத்தம் 48 சீட்டு, ஆளுக்கு எட்டு. மூன்று மூன்று பேர் ஒரு கட்சி, ஒருவர் விட்டு ஒருவராக உட்கார வேண்டும். புள்ளி இருபத்தெட்டின் புள்ளியேதான், இரண்டு கட்டு என்பதால் 56. துருப்பு மூடி வைப்பதில்லை, கேட்கும்போதே இனத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரே சீட்டு இரண்டு வந்து மோதினால் முதலில் விழுந்தது ஜெயிக்கும். இரண்டு கட்டின் பின்பக்கமும் ஒரே நிறமாக இருக்கும்படி வாங்குங்கள். நீலமும் சிவப்புமாகக் கலந்தால் யார் கையில் எந்தக் கட்டுச் சீட்டு எத்தனை என்று மேசைக்கே தெரிந்துவிடும்.